இரண்டாவது வயர்

செப்டம்பர் 8, திங்கள்

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். "ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை பாதி வேலைதாங்க செய்யும். மனசுல கெடக்கறத யாருகிட்டயாச்சும் கொட்டோணும். ஆளு இல்லீன்னா ஒரு நோட்டுலயாச்சும் எழுதி வையுங்க" என்றார். உரக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து பரண்மேல் கிடந்தது. தூசி தட்டி எடுத்துவிட்டேன்.

கொட்டுவதற்கு இன்று நிறைய இருக்கிறது. காலை ஒன்பதே காலுக்குப் பெட்டி மறுபடியும் மூர்ச்சையாகிவிட்டது. இந்த மாதம் பிறந்து எட்டு நாள்தான், அதற்குள் இரண்டாவது தடவை. கெரகம்.

எங்கள் கம்பெனி தாராபுரத்திலிருந்து சுற்றுவட்டாரத்தில் ஒன்பது ஊர்களுக்கு இன்டர்நெட் கொடுக்கிறது. ஊர் ஊராக வருகிற ஃபைபர் எல்லாம் ஆபீஸ் பின்னறையில் ஒரே பெட்டியில் வந்து சேர்ந்து, அங்கிருந்து ஒன்றாகக் கோயம்புத்தூருக்குப் போகிறது. இதை என் வீட்டுக்காரரிடம் அரை மணி நேரம் விளக்கினேன். "ஓ, பஸ் ஸ்டாண்டுன்னு சொல்லு" என்றார். ஆமாம், பஸ் ஸ்டாண்டுதான். ஸ்டாண்டை மூடினால் எந்த ஊர் பஸ்ஸும் நகராது. பதினோராயிரம் வீடும் அப்படியே நிற்கும்.

மூலனூர்ப் பக்கத்துக் கேபிள் ஆபரேட்டர் ராக்கியண்ணன் உடனே கூப்பிட்டுவிட்டார். அவர் கையில் மட்டும் ஆயிரத்து முந்நூறு வீடு. "ஏனம்மிணி, உங்க பொட்டிக்கு வாரத்துக்கு ஒருக்கா லீவா? தீவாளிக்குள்ள இன்னும் ஒருக்கா இப்படி ஆச்சுன்னா நானு அந்தப் பெரிய கம்பெனிக்கே போயிருவேன். சொல்லலீன்னு வேண்டாம்." அவர் போனால் மற்ற நாலு ஆபரேட்டர்களும் பின்னாலேயே போவார்கள். அப்புறம் நாங்கள் இருபத்திரண்டு பேரும் ஆபீஸைப் பூட்டிச் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

முதலாளி சென்னியப்பன் அண்ணன் மத்தியானம் கூப்பிட்டார். "விஜயதசமி அன்னிக்குப் புதுப் பொட்டிக்கு ஆர்டர் போட்டாகோணும் அம்மிணி. கெடாத பொட்டியாப் பாரு. எதுன்னு நீ சொல்லு, அதுதான். உன்ற வாக்குத்தான் எனக்கு."

என் வாக்கு. சரி. இட்லிக்கு ஊறப் போடவில்லை, போகிறேன்.

செப்டம்பர் 10, புதன்

தாராபுரம் வரைக்கும் சோதனைக்குப் பெட்டி அனுப்புகிறோம் என்று சொன்னது இரண்டே கம்பெனிகள். கம்பெனிப் பெயரை இங்கே எழுத மாட்டேன், டைரி யார் கையில் சிக்குமோ. ஒரு பெட்டியின் முகம் வெள்ளை. இன்னொன்றில் நீலக்கோடு. வெள்ளை, நீலம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நீலம் எந்தக் கம்பெனி என்று தெரிந்ததும் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அந்தக் கம்பெனிப் பொட்டி இந்த வாசப்படி ஏறக் கூடாது."

"சோதனைக்குத்தானுங்ணா. ஒண்ணை மட்டும் வெச்சு எப்படீங்ணா ஒப்பிட்டுப் பாக்கறது?"

"என்னமோ பண்ணு. ஆனா வாங்கறது வெள்ளைதான்."

விஷயம் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்களிடம் இருந்தது அந்தக் கம்பெனிப் பெட்டிதான். தீபாவளிக்கு முதல்நாள் நாலரை மணி நேரம் செத்துக் கிடந்தது. நான் காங்கயத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். போட்டது போட்டபடி வண்டி பிடித்து வந்து, அறையில் இருந்த எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, பத்தே நிமிடத்தில் உயிர் கொடுத்தேன். அண்ணன் எல்லோர் முன்னாலும் கைதட்டினார். "சாந்தாமணி இல்லீன்னா இன்னிக்கு நமக்கு நோம்பியே இல்லீங்க" என்று சொல்லி, அன்று சாயங்காலமே கடைக்குப் போய்ப் பச்சைப் பட்டு ஒன்று எடுத்து வந்து கொடுத்தார். அடுத்த வாரம் அந்தப் பெட்டியைக் கழற்றிப் புகாரோடு திருப்பி அனுப்பிவிட்டு, இப்போது மூர்ச்சை போடுகிற இந்தப் பெட்டியை வாங்கினோம்.

அந்தப் பெட்டி சரியில்லை. அவ்வளவுதான் விஷயம்.

செப்டம்பர் 11, வியாழன்

ரேஷனில் துவரம் பருப்பு இல்லை. தலைவலி.

செப்டம்பர் 13, சனி

நீலப் பெட்டியோடு வந்து இறங்கியது ஜெரோம். அதே ஜெரோம். அந்தத் தீபாவளி வாரத்தில் பழைய பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனவர். வேறு யாராவது வருவார்கள் என்று நினைத்திருந்தேன். முன்பு இருந்ததைவிட இளைத்திருக்கிறார்.

அவர் வாசலில் வண்டியை நிறுத்தியதும் சென்னியப்பன் அண்ணன் பின்கதவு வழியாக டீ குடிக்கப் போய்விட்டார். ஒரு மணி நேரம் ஆயிற்று, ஆள் வரவில்லை. அவ்வளவு கோபம் பாருங்கள், மனுசன் முகத்தைக் கூடப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இரண்டு பெட்டிகளையும் ரேக்கில் ஏற்றி, ஆபீஸ் இருக்கும் தெருவின் இணைப்புகளை மட்டும் அவற்றுக்கு மாற்றிவிட்டோம். என்னென்ன சோதனை என்று நானும் ஜெரோமும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். இந்த மாதிரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் கரண்டு வயர் இரண்டு. ஒன்று போனால் இன்னொன்று தாங்க வேண்டும்.

"முதல் சோதனை அதையே வச்சுக்கலாம் மேடம். ஒரு வயரைப் பிடுங்கிப் பார்க்கிறது."

"அதைக் கடைசியில வெச்சுக்கலாங்க" என்றேன்.

"கடைசியிலயா?"

"ஆமாங்க. அதுல என்ன இருக்குது? சின்ன வேலைதானுங்க."

அவர் என்னைப் பார்த்தார். சரி என்று கடைசி வரியில் எழுதிக்கொண்டார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மாதாந்திர மின்தடை நாள். காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்டு இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் தொல்லை, எனக்கு இலவசப் பரீட்சை. பேட்டரியிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறுகிற நொடியில் அறை முழுக்க விளக்கு ஒரு தடவை சிமிட்டும். அந்தச் சிமிட்டலில் வெள்ளை படுத்துவிட்டது. எழுந்திருக்கப் பதினோரு நிமிடம். எழுந்ததும் போன வாரம் நான் போட்டு வைத்த கட்டளைகளில் பாதியை மறந்துவிட்டிருந்தது. நீலத்துக்கு ஏதாவது நடந்ததா என்று பார்த்தேன், அதற்கு ஒன்றுமே தெரியவில்லை.

வெள்ளைப் பெட்டிக்காரர் பிரசன்னாவுக்குச் சென்னைக்குப் போன் போட்டேன். "அது சாஃப்ட்வேர் மேடம், அடுத்த வெர்ஷன்ல சரியாயிடும்" என்றார். என் வீட்டுக்காரரும் கல்யாணம் ஆனதிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

செப்டம்பர் 19, வெள்ளி

சூட்டுச் சோதனை. அறையின் ஏசியை அணைத்துவிட்டு, கதவைச் சாத்தி, ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர் வெயிலுக்கு இரண்டு மணி நேரத்தில் அறை நாற்பத்தாறு டிகிரி ஆகிவிட்டது. வெள்ளை ஒரு சத்தமும் போடாமல் தெருவில் பாதி வீடுகளின் இணைப்பை நழுவவிட்டது. நீலத்தின் விசிறி மட்டும் கத்தியது. வேலை நிற்கவில்லை.

பிரசன்னாவுக்கு மறுபடியும் போன். "ஏசி ரூம்லதானே வைக்கப் போறீங்க மேடம்?" ஏசி கெட்டுப் போகிற அன்றைக்கு உன்னை வந்து விசிறச் சொல்லட்டுமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. "சரிங்க" என்று வைத்துவிட்டேன்.

வீட்டில் பீரோவைக் குடைந்துகொண்டிருந்தபோது வீட்டுக்காரர் கேட்டார், "ஏம்புள்ள, அந்தப் பச்சைப் பட்ட ரெண்டு வருசமாக் கட்டவே மாட்டீங்கறயே. பூச்சி அரிச்சுப் போயிரும்."

"கலரு எனக்கு எடுக்காதுங்க."

"பச்சைதான உனக்குப் புடிச்ச கலரு?"

வேலையைப் பாருங்கள் என்றேன்.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனி. கோயில், தளிகை, பாத்திரம் தேய்ப்பு. வேறொன்றுமில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

ஒன்பதே முக்காலுக்கு, இப்போது ஓடுகிற பெட்டி மறுபடி போய்விட்டது. நாற்பது நிமிடம். ராக்கியண்ணன் போன் செய்யவில்லை, நேரிலேயே வந்துவிட்டார். கத்தியிருந்தால் கூடத் தேவலை. மெதுவாகப் பேசினார். "பெரிய கம்பெனிக்காரன் எழுதி வெச்ச பத்திரத்தோட வந்து உக்காந்துட்டான் சென்னியப்பா. இருவது வருசப் பழக்கம், அதுங்காட்டித்தான் கையெழுத்துப் போடாம இருக்கறேன். தீவாளி வரைக்கும் பாப்பேன்."

அவர் போனதும் அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கேபிள் டிவி காலத்தில் மரத்துக்கு மரம் ஏறி வயர் இழுத்துக் கட்டிய மனுசர். அறுபதை நெருங்குகிற வயதில் இப்படி உட்கார வேண்டியிருக்கிறது.

சோதனை முடிவுகளை அவர் முன்னால் வைத்தேன். மின்தடை, சூடு, நெரிசல், எல்லாவற்றிலும் நீலம்தான் முன்னால். அவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்தப் பொட்டி நம்மளைத் தீவாளி அன்னிக்குக் கவுத்துப்போட்டுது. மறந்துட்டயா?"

"மறக்கலீங்ணா."

"நீ வந்து காப்பாத்தலீன்னா என்ன ஆயிருக்கும்? நீயே சொல்லு, அந்தப் பொட்டி நல்ல பொட்டியா?"

ஊறுகாய் ஜாடியை வெயிலில் வைத்தது ஞாபகம் வந்து வீட்டுக்குப் போன் செய்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

பட்டியலில் கடைசி வரி. ஜெரோம் வந்திருந்தார், அண்ணன் வழக்கம்போல டீக்கடையில்.

வெள்ளையின் ஒரு வயரைப் பிடுங்கினோம். ஓடியது. ஆனால் எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. நீலத்தின் இரண்டாவது வயரைப் பிடுங்கினதும் பெட்டி கூவியது, முன்னால் விளக்குச் சிவப்பாயிற்று, என் போனுக்கும் செய்தி வந்தது. 'இரண்டாவது மின்சாரம் இல்லை' என்று நேரத்தோடு.

"இந்தச் செய்தி எல்லார் போனுக்கும் போற மாதிரி பண்ணிடலாம் மேடம். பழைய மாடல்ல இது கிடையாது. லாக்ல மட்டும் எழுதி வச்சிருக்கும், யாராவது போய்ப் படிச்சாத்தான் உண்டு."

நான் வயரைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"ஜெரோம், அதுக்கு அப்புறம் உங்களுக்குக் கோயம்புத்தூர்லயேதானுங்களா வேலை?"

"இல்ல மேடம். உங்க கம்ப்ளெயின்ட்டுக்கு அப்புறம் ஒரு வருஷம் என்னைக் குடோன்ல போட்டுட்டாங்க. உதிரிப் பாகம் எண்ற வேலை. போன வருஷக் கடைசியிலதான் மறுபடி வெளியே அனுப்பினாங்க." சிரித்தார். "குடோன்லயும் ஃபேன் இருந்துச்சு மேடம், பரவாயில்ல."

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லிச் சமாளித்திருப்பேன். கிளம்பும்போது, "பழைய பெட்டியோட லாக் இன்னும் எங்கிட்ட இருக்கு மேடம்" என்று மட்டும் சொன்னார். மிரட்டுகிற மாதிரி இல்லை. மறந்து வைத்துவிட்டுப் போன குடையைப் பற்றிச் சொல்வதுபோல்தான் சொன்னார்.

ரத்த அழுத்தம் நூற்று அறுபத்தி இரண்டு. மாத்திரையை மறக்கவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

அண்ணனுக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கையை எழுதி முடித்தேன். "இரண்டு பெட்டிகளும் ஏறக்குறைய சமம். முதலாளி விருப்பப்படி எதையும் வாங்கலாம்."

நன்றாகத்தான் இருக்கிறது. பொய் என்று சொல்ல முடியாது. இரண்டும் பெட்டிதானே.

துணி துவைத்தேன், பாத்ரூம் கழுவினேன், மிச்சம் இருந்த தேங்காயை எல்லாம் துருவி வைத்தேன். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "ஊருக்கே சட்னி அரைக்கப் போறயா?" என்றார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளைக்கு ஆயுத பூஜை. ஆபீஸைக் கூட்டி, பெருக்கி, ஒட்டடை அடித்தோம். பரணில் சீரியல் செட் லைட் மாலை கண்ணில் பட்டது. அதைப் பழைய பேனருக்கு அடியில் தள்ளி வைத்தேன். இரண்டு வருடமாக ஆபீஸில் சீரியல் செட் போடக் கூடாது என்பது என் சட்டம். கரண்டு விரயம் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

வழக்கம்போல மஞ்சள் தண்ணீர் கலக்கி, தெளிப்பதற்கு மாவிலையும் வைத்துச் சொம்பைத் தயார் செய்தேன். அண்ணன் பார்த்துவிட்டு ஓடி வந்து பிடுங்கினார். "தண்ணி கிண்ணியெல்லாம் வேண்டாம்! பூவ மட்டும் வெச்சாப் போதும். அதுவும் ரேக்குக்கு வெளியில." சொம்போடு போய் வாசலில் கட்டியிருந்த வாழைக்கன்றுக்கு ஊற்றிவிட்டார். போன வருடமும் இதையேதான் செய்தார், இப்போதுதான் ஞாபகம் வருகிறது. வயதாக ஆக மனுசருக்கு ஒரு பிடிவாதம் வந்துவிடுகிறது.

அறிக்கையைக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். நாளைப் பூஜையில் வைத்து, நாளை மறுநாள் ஆர்டர்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாயங்காலம் ஐந்தரை. பின்னறையில் எல்லோரும் கூடியிருந்தோம். பொரி, கடலை, சுண்டல், பழம் எல்லாம் தயார். பூசணிக்காய் வாசலில் காத்திருந்தது. ரேக் கதவுக்கு மாலை போட்டாயிற்று. என் கவர் சாமி படத்துக்கு முன்னால் இருந்தது.

திடீரென்று அண்ணனைக் காணோம். பார்த்தால் கையில் சீரியல் செட்டோடு வருகிறார். எப்படித்தான் கண்டுபிடித்தாரோ! "லைட்டு இல்லாம என்ன நோம்பி? கடைசி நோம்பியாக்கூட இருக்கும், நல்லாவே கும்புட்டுர்லாம்" என்று சொல்லிக்கொண்டே ரேக்குக்குப் பின்னால் போனார். பிளக் போட இடம் தேடினார். "ஒரு பொட்டிக்கு எதுக்கு ரெண்டு வயரு? ஒண்ணு போதும்."

பிடுங்கிவிட்டார்.

நீலப் பெட்டி கூவியது. அறையில் இருந்த இருபத்திரண்டு போனும் ஒரே நேரத்தில் அடித்தன. எல்லாத் திரையிலும் ஒரே வரி: இரண்டாவது மின்சாரம் இல்லை, மாலை 5.42.

"அண்ணா, அதப் புடுங்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் சுண்டல் பாத்திரம் வைத்திருந்த கணக்குப்பிள்ளை அதைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏனம்மிணி இந்தக் கத்து கத்தற? ஒரு வயருதான?"

"அந்த ஒரு வயருதானுங்ணா" என்றேன். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. போன தடவை எல்லோரையும் வெளியே அனுப்பினேன். இந்தத் தடவை யாரையும் அனுப்பவில்லை.

சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆயுத பூஜை அன்றைக்கு இதே இடத்தில், இதே சீரியல் செட்டுக்காக, இதே மாதிரி ஒரு வயர்தானே என்று பழைய பெட்டியின் இரண்டாவது வயரைப் பிடுங்கியது நான். பூஜை முடிந்ததும் திருப்பி மாட்ட மறந்தது நான். பெட்டி தன் பங்குக்கு முன்னால் விளக்கைச் சிவப்பாக்கிச் சொல்லியிருக்கிறது. அந்த விளக்கின் மேலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தது யார்? அதுவும் நான்தான். தீபாவளிக்கு முதல்நாள் முதல் வயர்ப் பக்கம் எரிந்து போனதும் பெட்டி செத்துவிட்டது. நான் ஓடி வந்து எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டுப் பார்த்தால், சீரியல் செட் பிளக் அப்படியே இருக்கிறது, பெட்டி வயர் கீழே தொங்குகிறது. மாற்றி மாட்டினேன். எழுந்துவிட்டது. அதுதான் நான் கொடுத்த உயிர். அதற்குத்தான் கைதட்டும், பட்டுப் புடவையும்.

"பொட்டி மேல ஒரு தப்பும் இல்லீங்ணா. தப்பு என்ற மேலதானுங்க. ஜெரோம் போன் பண்ணி, பத்தொம்பது நாளா ரெண்டாவது வயரு இல்லீன்னு லாக்குல இருக்குதுன்னு கேட்டாரு. உங்க கடிகாரம் தப்புன்னு சொல்லி வாயை அடைச்சுப்போட்டேன். அந்த மனுசன ஒரு வருசம் குடோன்ல போட்டுட்டாங்க. உங்களுக்கு எழுதின அறிக்கையும் பொய்யிங்ணா. ரெண்டும் சமமில்லீங்க. நீலம்தான் நல்ல பொட்டி."

சொல்லி முடித்ததும் வேலை போனது என்றுதான் நினைத்தேன். நீலப் பெட்டி மட்டும் விடாமல் கூவிக்கொண்டிருந்தது.

அண்ணன் பேட்டரிப் பெட்டி மேல் மெதுவாக உட்கார்ந்தார். "அப்பறம் நானு?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"மொத வயருப் பக்கம் எப்படி எரிஞ்சுது தெரியுமா? நாந்தான் எரிச்சேன் அம்மிணி. அன்னிக்குப் பூசையில சொம்பு மஞ்சத்தண்ணியையும் பொட்டிக்குப் பின்னாலயே தெளிச்சேன். பக்தி முத்திப் போச்சு. ஜெரோம் தம்பி பொட்டியக் கழட்டிப் பாத்துட்டு எனக்குப் போட்டோ அனுப்பிச்சாரு. உள்ள பூராவும் மஞ்சக் கறை, துருவு. ஒரு மாவெலைத் துண்டு வேற. நானு அந்தப் போட்டோவ அழிச்சுப்போட்டேன். ஒரே ஆளாக் கம்பெனியக் கவுத்தவன் நான்னு ரெண்டு வருசமா நெஞ்சுக்குள்ளயே வெச்சுட்டுத் திரியறேன். அந்தப் பையன் மூஞ்சியப் பாக்க முடியாமத்தான் டீக்கடையிலயே கெடக்கறேன்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். கோபம் என்று நான் நினைத்ததெல்லாம் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது.

கணக்குப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். "ஏனுங்க, ஒருத்தரு ஒரு பக்கம் தண்ணிய ஊத்தி, ஒருத்தரு ஒரு பக்கம் வயரப் புடுங்கி, கண்ணுல சந்தனத்த வேற அப்பி... அப்படியும் பத்தொம்பது நாளு ஓடுச்சுங்களா அந்தப் பொட்டி?"

அறையே சிரித்தது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. "அட, அதையல்லவா கழட்டி வீசுனோம்!" என்று அண்ணன் எழுந்து, சீரியல் செட்டைப் பிடுங்கி, நீலப் பெட்டியின் வயரை அவர் கையாலேயே மாட்டினார். கூவல் நின்றது. போன் எல்லாம் மறுபடி ஒரு தடவை அடித்தது. அப்புறம்தான் கற்பூரம் காட்டினோம்.

கவரை எடுத்துக் கிழித்துவிட்டேன். பொரி சாப்பிட்டேன், மூன்று தடவை கேட்டு வாங்கி.

அக்டோபர் 2, வியாழன். விஜயதசமி

காலையில் நல்ல நேரம் பார்த்து நீலத்துக்கு ஆர்டர் போட்டோம். சோதனைக்கு வந்த அதே பெட்டியையே வைத்துக்கொள்வது, கைவசம் இருக்கட்டும் என்று இன்னொன்றும் சேர்த்து வாங்குவது.

அண்ணன் ஜெரோமுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "தம்பி, வயருக் கதையும் தண்ணிக் கதையும் உங்களுக்கு ரெண்டும் தெரியும். ஏன் தம்பி அப்பவே சொல்லலீங்க?"

"ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியாச் சொன்னேனே சார். மேடம்கிட்ட வயரைப் பத்தி, உங்ககிட்ட தண்ணியைப் பத்தி. ஒருத்தர் தப்பை இன்னொருத்தர்கிட்ட நான் எதுக்குச் சொல்லணும்? பக்கத்துப் பக்கத்து ரூம், நீங்களே பேசிக்குவீங்கன்னு நினைச்சேன். ரெண்டு வருஷம் ஆகும்னு நினைக்கல சார்."

நடந்ததையெல்லாம் எழுதி, நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அவருடைய கம்பெனிக்கு அனுப்பினோம். ஜெரோம் பெயரில் ஒரு குறையும் இல்லை என்பதை அண்ணன் தன் கையெழுத்திலேயே தனியாக ஒரு தடவை எழுதினார். ஒரு வருடக் குடோன் வாசம் அதனால் திரும்பி வராது. இருந்தாலும் எழுதினோம்.

அக்டோபர் 11, சனி

ஒன்பது ஊரையும் நீலத்துக்கு மாற்றியாயிற்று. கடைசியாக மூலனூர். ஜெரோம் வந்திருந்தார். அண்ணன் டீக்கடைக்குப் போகவில்லை, டீயை அறைக்கே வரவழைத்து, முதல் டம்ளரை அவர் கையில் கொடுத்தார். ரேக்கின் பின்பக்கம் பிளக்குக்கு எல்லாம் மூடி போட்டு இரண்டு பூட்டுப் போட்டிருக்கிறேன். சாவி ஒன்று என்னிடம், ஒன்று அண்ணனிடம். இரண்டு பேரும் சேர்ந்து போனால்தான் திறக்கும். சந்தனம் குங்குமம் இனிமேல் ரேக் கதவில் ஒட்டியிருக்கும் பெட்டியின் போட்டோவுக்குத்தான்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. காலை ஒன்பதே காலுக்கு ராக்கியண்ணன் பெயர் போனில் மின்னியதும் எனக்கு முதுகு வேர்த்துவிட்டது. முறுக்கு மாவுக் கையோடு எடுத்தேன்.

"ஏனம்மிணி, எட்டு நாளா ஒண்ணுமே கெடலியே, என்ன பண்ணுனீங்க? எனக்குக் காலையில திட்ட ஆளில்லாமக் கையொடிஞ்ச மாதிரி இருக்குது. அந்தப் பெரிய கம்பெனிக்காரனப் பத்திரத்தோட போகச் சொல்லிப்போட்டேன். பொழுதோட ஆபீசுக்குப் பலகாரம் வருது, எல்லாரும் தின்னுங்க."

போனை வைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருபத்திரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். எண்ணெய் காய்ந்து புகைந்ததுகூடத் தெரியவில்லை.

ரத்த அழுத்தம் நூற்று முப்பத்தி இரண்டு. டைரியை நிறுத்திவிடலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

மத்தியானம் பீரோவைத் திறந்து பச்சைப் பட்டை எடுத்தேன். போன புதன்கிழமையே அதை அண்ணனிடம் கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துப் பார்த்தேன். "அது பொட்டியக் காப்பாத்துனதுக்குக் குடுத்ததுன்னு வெச்சாத்தானே பிரச்சனை? ஆயுத பூசை அன்னிக்கு வாயத் தொறந்ததுக்குன்னு வெச்சுக்க" என்று என் கையிலேயே திருப்பித் திணித்துவிட்டார்.

நாளைக்குக் கட்டப் போகிறேன். ஒரே தொல்லை, ரவிக்கை ஏறவில்லை. இரண்டு வருடத்தில் நான் கொஞ்சம் பெருத்துவிட்டேன். "பட்டு எடுத்தவரு மேல தப்பில்ல, தெச்சவன் மேலயும் தப்பில்ல, அதையாச்சும் இப்பவே ஒத்துக்க" என்று வீட்டுக்காரர் கதவோரம் நின்று சிரிக்கிறார்.

ஒத்துக்கொண்டேன். பக்கத் தையல் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.